உலோகம் நீண்டு கிழிவதைக் கணினியில் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃகு, அலுமினியம், டைட்டானியம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் சட்டென்று உடைவதில்லை. வளைந்து, நீண்டு, ஓரிடத்தில் மெலிந்து, அப்புறம்தான் கிழிகின்றன. இதைத்தான் டக்டைல் முறிவு என்கிறோம். கார் மோதும்போதும், கப்பல் தரைதட்டும்போதும், அழுத்தக் கலனோ குழாயோ தாங்காமல் போகும்போதும் எந்த இடத்தில், எந்தச் சுமையில் கிழியும் என்று முன்கூட்டியே சொல்ல சிமுலேஷன் செய்கிறார்கள். ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள் (பாகத்தை எலிமென்ட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) கொஞ்சம் பழகியவர்கள் இந்த விஷயத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தகைவு என்று வரும் இடமெல்லாம் ஸ்ட்ரெஸ், திரிபு என்று வரும் இடமெல்லாம் ஸ்ட்ரெயின் என்று கொள்ளுங்கள்.

உலோகத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

எந்த வணிக உலோகமும் முழுக்கச் சுத்தமானது கிடையாது. எஃகுக்குள் மாங்கனீசு சல்ஃபைடு, ஆக்சைடு, கார்பைடு துகள்கள் இருக்கும். அலுமினியக் கலவைகளில் இரும்பும் சிலிக்கானும் சேர்ந்த கடினத் துகள்கள் இருக்கும். சுற்றியுள்ள உலோகம் நீளும்போது இந்தத் துகள்களால் அதனுடன் சேர்ந்து நீள முடிவதில்லை. ஒன்று, துகள் பிளக்கும்; இல்லையென்றால் உலோகத்திலிருந்து விடுபடும். அங்கே ஒரு நுண்துளை பிறக்கிறது. இழுக்க இழுக்கத் துளைகள் பெரிதாகின்றன. கடைசியில் இரண்டு துளைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சுவர் தானே கழுத்துப்போல் ஒடுங்கி அறுகிறது. துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து விரிசலாகின்றன.

உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். பல குழிகளின் அடியில் அந்தத் துகள் இன்னும் உட்கார்ந்திருக்கும். உருண்டைக் கம்பியை இழுத்து உடைத்தால் ஒரு பாதி கிண்ணம் போலவும் மறுபாதி கூம்பு போலவும் வருவதும் இதனால்தான். விரிசல் கம்பியின் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்கி, விளிம்பை நெருங்கும்போது சாய்வாகக் கத்தரித்து வெளியே வருகிறது.

பொருள் சான்றிதழில் நீட்சி 25% என்று இருக்கிறது. முறிவுத் திரிபு 0.25 என்று கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. தவறான விடைகளில் மிகப் பெரும்பாலானவை இங்கேயிருந்துதான் வருகின்றன. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அந்த 25% என்பது சோதனைக் கம்பியில் குறித்துவைத்த ஒரு நீளத்தின் மேல் எடுத்த சராசரி. அந்த நீளத்தின் பெரும்பகுதி சீராகக் கொஞ்சம்தான் நீண்டிருக்கும். கழுத்து விழுந்த, அதாவது கழுத்துப்போல் மெலிந்த சிறு பகுதி மட்டும் மிக அதிகமாக நீண்டிருக்கும். குறித்த நீளம் குறைவாக இருந்தால் சதவீதம் கூடும், அதிகமாக இருந்தால் குறையும். பொருள் மாறவில்லை, எண் மட்டும் மாறுகிறது.

உடைந்த இடத்தில் இருந்த திரிபு தெரிய வேண்டுமென்றால் குறுக்குப் பரப்பை அளக்க வேண்டும். தொடக்கப் பரப்பை உடைந்த இடத்தின் பரப்பால் வகுத்து, இயல் மடக்கை எடுத்தால் சராசரி உள்ளூர்த் திரிபு கிடைக்கும். பரப்பு 60% குறைந்திருந்தால், 1-ஐ 0.4-ஆல் வகுத்து மடக்கை எடுக்கும்போது சுமார் 0.92 வருகிறது. சான்றிதழ் சொன்னது 0.25, உடைந்த இடம் சொல்வது 0.92. ஒரே கம்பி, ஒரே சோதனை.

சரி, அப்படியானால் 0.92 கொடுத்துவிடலாமா? அதுவும் கூடாது. அந்த எண் அந்தக் கம்பியின் கழுத்தில் நிலவிய தகைவு நிலைக்கு மட்டும் உரியது. வேறு வடிவம், வேறு சுமை என்றால் அதே உலோகம் வேறு திரிபில் கிழியும். முறிவுத் திரிபு என்று ஒரு பொருளுக்கு ஒரே எண் கிடையாது.

தகைவு நிலை என்கிறீர்களே, டிரையாக்ஸியாலிட்டி என்பது அதுதானா?

அதன் முக்கியமான பாதி. ஒரு புள்ளியில் மூன்று திசைகளிலும் உள்ள முதன்மைத் தகைவுகளின் சராசரியை வான் மீசஸ் தகைவால் (உருவத்தை மாற்றப் பார்க்கும் தகைவுகளை ஒரே எண்ணாகச் சுருக்கியது) வகுத்தால் வருவது டிரையாக்ஸியாலிட்டி. எல்லாப் பக்கமும் சேர்ந்து பொருளை எவ்வளவு பிய்க்கிறது என்பதற்கு இது ஓர் அளவு. தூய கத்தரிப்பில் (ஷியர்) இதன் மதிப்பு 0. சாதாரண ஒருதிசை இழுவையில் 1/3. மெல்லிய தகட்டை இரண்டு திசையிலும் சமமாக இழுத்தால் 2/3. கூர்மையான விரிசலின் முனைக்குச் சற்று முன்னால் 2.5-க்கு மேல்கூடப் போகும். அமுக்கும்போது எதிர்மறையாகும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், துளை வளரும் வேகம் இதைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது. 1969-ல் ரைஸும் டிரேசியும் ஒரு தனித் துளையை எடுத்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவர்களுடைய சூத்திரத்தில் வளர்ச்சி வேகம், டிரையாக்ஸியாலிட்டியை 1.5-ஆல் பெருக்கி எடுத்த அடுக்குக்குறிக்கு நேர்விகிதம். எண்களைப் போட்டுப் பாருங்கள். 1/3 என்றால் சுமார் 1.65. 1 என்றால் 4.48. 2.5 என்றால் ஏறக்குறைய 42.5. அதாவது இழுவைக் கம்பியில் வளர்வதைவிட விரிசல் முனையில் துளை சுமார் 26 மடங்கு வேகமாக வளர்கிறது. நன்றாக நீளும் எஃகு, ஆழமான வெட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சத் திரிபிலேயே கிழிந்துவிடுவதன் காரணம் இதுதான்.

எதிர்த்திசையிலும் இது உண்மை. ஹார்வர்டில் உயர் அழுத்த ஆய்வுகள் செய்து 1946-ல் நோபல் பரிசு பெற்ற பிரிட்ஜ்மன், எஃகு மாதிரிகளைச் சுற்றிலும் திரவ அழுத்தம் கொடுத்துக்கொண்டே இழுத்தார். அழுத்தம் கூடக்கூட, உடைவதற்கு முன் எஃகு தாங்கிய திரிபும் கூடிக்கொண்டே போனது.

மற்றப் பாதி லோட் (Lode) கோணம்; இந்த லோட் ஓர் ஆய்வாளரின் பெயர், சுமை என்ற பொருளில் இல்லை. டிரையாக்ஸியாலிட்டி ஒன்றாகவே இருந்தாலும், கத்தரிப்பு எந்தப் பாணியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து முறிவு மாறும். 2004-ல் பாவும் வியர்ஸ்பிக்கியும் 2024-டி351 அலுமினியத்தில் பல வடிவ மாதிரிகளைச் சோதித்தார்கள். டிரையாக்ஸியாலிட்டி குறையக் குறைய முறிவுத் திரிபு ஏறிக்கொண்டே போகும் என்ற பழைய எண்ணத்துக்கு மாறாக, கத்தரிப்புப் பக்கம் வந்ததும் அது மறுபடி இறங்கியது. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான மாடல்கள் இரண்டு அளவுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன.

கழுத்து விழுந்த பிறகான தகைவு–திரிபு வளைகோட்டை எப்படி எடுப்பது?

கழுத்து விழும் வரை வேலை சுலபம். பொறியியல் தகைவை 1 கூட்டல் பொறியியல் திரிபால் பெருக்கினால் உண்மைத் தகைவு. 1 கூட்டல் திரிபுக்கு இயல் மடக்கை எடுத்தால் உண்மைத் திரிபு. 15% நீட்சியில் 400 மெகாபாஸ்கல் என்று இயந்திரம் காட்டினால், உண்மைத் தகைவு 460, உண்மைத் திரிபு சுமார் 0.14.

சுமை உச்சத்தைத் தாண்டியதும் இந்தச் சூத்திரங்கள் செல்லாது. ஏனென்றால் நீட்சி சீராக இல்லை. பலர் இதைக் கவனிக்காமல் உடையும் வரை அதே சூத்திரத்தைப் போட்டு, இறங்குமுகமான ஒரு வளைகோட்டை மென்பொருளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். உலோகம் அங்கே மென்மையாகவில்லை, பரப்புதான் குறைந்தது. உண்மையான வளைகோடு இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும்.

நடைமுறையில் நம்பகமான வழி இது. உச்சம் வரை அளந்ததை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஸ்விஃப்ட், வோசே போன்ற சூத்திரங்களையோ இரண்டின் கலவையையோ கொண்டு நீட்டுங்கள். அப்புறம் அதே சோதனையைச் சிறிய எலிமென்ட்களோடு கணினியில் ஓட்டி, சுமை–நீட்சிக் கோடு சோதனையோடு ஒத்துவரும் வரை நீட்டிப்பைத் திருத்துங்கள். சுமையோடு சேர்த்துக் கழுத்தின் வடிவமும் பொருந்த வேண்டும். மாதிரியின் மேல் புள்ளிகள் தெளித்து கேமராவில் படமெடுத்துத் திரிபை அளக்கும் வசதி இருந்தால் தயவுசெய்து பயன்படுத்துங்கள். ஒரு இயந்திரக் கோட்டைவிட அந்தப் படங்கள் பல மடங்கு தகவல் தரும்.

எத்தனையோ மாடல்கள் இருக்கின்றனவே, எதை எடுப்பது?

பெரிய வகைகள் மூன்று. முதல் வகையில் முறிவு தனிக் கணக்காக ஓடும். உலோகத்தின் வலிமையைப் பாதிக்காது. ஒவ்வொரு படியிலும் கூடும் பிளாஸ்டிக் திரிபை (சுமையை எடுத்தாலும் மீளாத திரிபு), அந்தக் கணத்தின் தகைவு நிலைக்குரிய முறிவுத் திரிபால் வகுத்துக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கூட்டுத்தொகை 1-ஐத் தொட்டால் அந்த இடம் கிழிந்தது. 1985-ல் வந்த ஜான்சன்–குக் இந்த வகை; ஐந்து மாறிலிகளில் டிரையாக்ஸியாலிட்டி, வேகம், வெப்பநிலை மூன்றையும் அடக்குகிறது, லோட் கோணத்தைப் பார்ப்பதில்லை. திருத்திய மோர்–கூலம், ஹாஸ்ஃபோர்டு–கூலம் ஆகியவை அதையும் பார்க்கின்றன.

இரண்டாவது வகை துளைகளையே கணக்கில் எடுக்கிறது. 1977-ல் கர்சன் எழுதிய விளைதல் சமன்பாட்டில் (உலோகம் எப்போது மீளாமல் உருமாறத் தொடங்கும் என்று சொல்வது) துளைகளின் பருமப் பங்கு ஒரு மாறியாக வருகிறது; துளை கூடினால் வலிமை குறையும். இதை ட்வெர்கார்டும் நீடில்மனும் 1984 வாக்கில் விரிவாக்கினார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஜிடிஎன் என்று அழைக்கிறார்கள். வெட்டும் விரிசலும் உள்ள தடித்த பாகங்களுக்கு இது அருமையாக வேலை செய்யும். ஆனால் மூல வடிவத்தில் ஒரு பெரிய ஓட்டை: தூய கத்தரிப்பில் இருக்கும் துளைகள் வளர்வதே இல்லை. 2008-ல் நாஷனும் ஹட்சின்சனும் சேர்த்த திருத்தம் இதற்காகத்தான். திருத்தம் இல்லாமல் கத்தரிப்பு மிகுந்த பாகத்துக்கு ஜிடிஎன் போட்டால், கிழிய வேண்டிய இடம் கிழியாமல் நீண்டுகொண்டே போகும்.

மூன்றாவது, லெமெத்ர் போன்றோரின் தொடர்ச்சிச் சேத இயக்கவியல். சேதத்தை ஒரு பொது மாறியாக வைத்து விறைப்பையும் வலிமையையும் குறைக்கும்.

என் தேர்வைக் கேட்டால், மோதல், தாள் உலோகம் போன்ற வேலைகளுக்கு லோட் கோணமும் சேர்ந்த முதல் வகை. இருக்கும் விரிசல் எவ்வளவு சுமையில் நகரும் என்ற கேள்விக்கு ஜிடிஎன். மாறிலிகளைச் சோதனையிலிருந்து எடுக்க முடியாத மாடலை, எவ்வளவு புதியதானாலும் தொடமாட்டேன். ஜிடிஎன்னின் மாறிலிகளுக்கு q1 = 1.5, q2 = 1, fN = 0.04 என்று கட்டுரைக்குக் கட்டுரை நகரும் எண்கள் உங்கள் உலோகத்துக்கு அளந்தவை இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

மெஷ்ஷைச் (எலிமென்ட்களின் வலை) சிறிதாக்கச் சிறிதாக்க விடை மாறிக்கொண்டே போகிறது. எப்போது நிற்கும்?

பல சமயம் நிற்கவே நிற்காது. இதற்குக் காரணம் இரண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

முதல் காரணம் வெறும் சராசரி. 2 மில்லிமீட்டர் தகட்டில் கழுத்து விழுந்து, 2 மில்லிமீட்டர் அகலத்தில் திரிபு 0.8, அதற்கு வெளியே 0.2 என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் எலிமென்ட் 0.8-ஐக் காட்டும். 10 மில்லிமீட்டர் எலிமென்ட் காட்டுவது 0.32. 20 மில்லிமீட்டர் என்றால் 0.26. மூன்று மாடலும் ஒரே நிகழ்வைத்தான் பார்க்கின்றன, ஆனால் மூன்றுக்கும் ஒரே முறிவுத் திரிபைக் கொடுத்தால் மூன்று வெவ்வேறு நேரத்தில் கிழியும். ஆகவே முறிவுத் திரிபு என்ற எண்ணைச் சொல்லும்போது எலிமென்ட் அளவையும், அது தகட்டுத் தடிமனில் எத்தனை மடங்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கப்பல் மோதல் கணக்குகளில் எலிமென்ட் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தை வைத்து இந்த எண்ணைத் திருத்துவது வழக்கம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. சேதத்தால் பொருள் மென்மையாகத் தொடங்கியதும், திரிபு முழுக்க ஒரே ஒரு வரிசை எலிமென்ட்டில் குவிந்துவிடும். எலிமென்ட் சிறிதாக ஆக அந்த வரிசையும் ஒடுங்கும், கிழியச் செலவாகும் ஆற்றலும் குறைந்துகொண்டே போகும். எல்லையில் அது சுழியை நெருங்கும், அதற்குப் பௌதிக அர்த்தமே கிடையாது. கணித வடிவத்தில் நீள அளவு என்ற ஒன்றே இல்லாததுதான் கோளாறு. இதற்கு மருந்து, நீள அளவு ஒன்றை உள்ளே கொண்டுவருவது. சேதத்தைச் சுற்றுப்புறத்தோடு சராசரியெடுக்கும் நான்-லோக்கல் முறை ஒரு வழி. மென்மையாதலைத் திரிபுக்குப் பதில் இடப்பெயர்ச்சியில் எழுதி ஆற்றலை நிலைநிறுத்துவது இன்னொரு வழி. தொழிற்சாலைகளில் அதிகம் நடப்பது மூன்றாவது: கிழியும் பகுதிகளில் எலிமென்ட் அளவை நிலையாக வைத்துவிட்டு, அதே அளவில் மாறிலிகளைப் பொருத்துவது. அழகான தீர்வு இல்லைதான், நேர்மையாகச் செய்தால் வேலை செய்கிறது. சோதனை மாதிரியை 0.2 மில்லிமீட்டரில் பொருத்திவிட்டு, வண்டியை 5 மில்லிமீட்டரில் ஓட்டுவதுதான் கூடாது.

ஷெல் எலிமென்ட் போதுமா, சாலிட் வேண்டுமா?

ஷெல் என்பது தகட்டை மெல்லிய பரப்பாக எடுப்பது, சாலிட் என்பது தடிமனோடு முப்பரிமாணமாக எடுப்பது. கழுத்து விழும் வரை ஷெல் நன்றாகவே போதும். அதற்குப் பிறகு தடிமன் திசையில் உருவாகும் தகைவை ஷெல்லால் பார்க்க முடியாது. அது தன்னளவில் தளத் தகைவு (தடிமன் திசையில் தகைவே இல்லாத நிலை) என்றே நினைத்துக்கொண்டிருக்கும். முழு வண்டிக்கும் முழுக் கப்பலுக்கும் வேறு வழியில்லை, ஷெல்தான். கிழியும் என்று தெரிந்த ஓர் இணைப்பை மட்டும் சாலிட்டில் தனியாக ஓட்டிப் பாருங்கள். தடிமனில் குறைந்தது நான்கைந்து எலிமென்ட் இருக்கட்டும்.

கிழிந்த எலிமென்ட்டை அழித்துவிடுகிறார்களே, அது சரியா?

விரிசலைக் காட்ட அது மலிவான வழி, அவ்வளவே. எலிமென்ட் அகலத்துக்கு ஒரு பள்ளம் பொருளிலிருந்து காணாமல் போகிறது. விரிசல் மெஷ்ஷின் கோடுகளை ஒட்டியே ஓடப் பார்க்கிறது. சதுர மெஷ்ஷில் சாய்வு விரிசல் படிக்கட்டாகத் தெரிவது இதனால்தான். மெஷ்ஷை 30 பாகை திருப்பி மறுபடி ஓட்டுங்கள். பாதை மாறினால் அது மெஷ் சொன்ன பாதை. கொஹீசிவ் எலிமென்ட் (இரு பரப்புகளை ஒட்டிவைத்து, வரம்பு தாண்டினால் பிரியவிடுவது), எக்ஸ்எஃப்இஎம் (விரிசலை எலிமென்ட்டுக்கு ஊடாகவே போகவிடுவது), ஃபேஸ்-ஃபீல்டு (விரிசலை ஒரு மெல்லிய பட்டையாகப் பரப்பி எழுதுவது) என்று மாற்றுகள் உண்டு. பாதை முன்கூட்டியே தெரிந்த இடங்களில், உதாரணமாக ஒட்டு அல்லது வெல்ட் வரிசையில், கொஹீசிவ் மிக வசதி.

எக்ஸ்ப்ளிசிட்டில் மெதுவான சோதனையை வேகப்படுத்தி ஓட்டலாமா?

ஓட்டித்தான் ஆகவேண்டும். எக்ஸ்ப்ளிசிட் என்பது நேரத்தை மிகச் சிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியாக முன்னேறும் கணக்கு முறை. எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5000 மீட்டர் வேகத்தில் போகிறது. 1 மில்லிமீட்டர் எலிமென்ட்டை அது கடக்க 0.2 மைக்ரோ நொடி. நேரப்படி அதைத் தாண்டக் கூடாது. ஒரு நொடிச் சோதனைக்கே 50 லட்சம் படிகள். அதனால் நிறையை 100 மடங்காக்கி நேரப்படியை 10 மடங்காக்குவது, இழுக்கும் வேகத்தைக் கூட்டுவது எல்லாம் நடைமுறை. இயக்க ஆற்றல் உள் ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தைக் கூட்டினால் பொருள் மாடலில் உள்ள திரிபுவேக விளைவை அணைத்துவிடுங்கள், அல்லது மெய்யான வேகத்துக்கு மாற்றிக் கொடுங்கள்.

நிஜமாகவே வேகமான நிகழ்வில் வெப்பத்தையும் சேருங்கள். பிளாஸ்டிக் வேலையில் சுமார் 90% வெப்பமாகிறது என்று எடுப்பது வழக்கம். டைட்டானியத்தில் 1000 மெகாபாஸ்கல் தகைவும் 0.5 திரிபும் சேர்ந்தால், வெப்பம் வெளியேற நேரமில்லாத நிலையில் அந்த இடம் 190 பாகை அளவுக்குச் சூடேறும். சூடான இடம் மென்மையாகும், மென்மையான இடத்தில் திரிபு குவியும்.

மாறிலிகளைப் பொருத்த எத்தனை வகைச் சோதனை வேண்டும்?

தகட்டுக்கு என்றால் என் குறைந்தபட்சப் பட்டியல்: சாதாரண இழுவை, நடுவில் துளையிட்ட மாதிரி, இரண்டு பக்கமும் வட்ட வெட்டுள்ள மாதிரி, கத்தரிப்பு மாதிரி, குமிழ்போல் உப்பவைக்கும் பஞ்ச் சோதனை. ஒவ்வொன்றும் டிரையாக்ஸியாலிட்டி அச்சில் வெவ்வேறு இடத்தில் விழும். ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை செய்யுங்கள், முறிவில் சிதறல் உண்டு. இன்னொன்றை மட்டும் பொருத்தலில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். மற்றவற்றைக் கொண்டு அதைக் கணித்து எழுதிவைத்துவிட்டு, அப்புறம் சோதனை முடிவைத் திறந்து பாருங்கள். மாடலின் தகுதி அங்கேதான் தெரியும். உருட்டிய தகடு என்றால் உருட்டிய திசை, குறுக்குத் திசை இரண்டிலும் மாதிரி வெட்ட மறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தால் விடையை நம்பலாமா?

இதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் 2012-ல் ஒரு சவால் விட்டது. 15-5 பிஎச் துருவேறா எஃகுத் தகடு, அதில் ஒரு மழுங்கிய வெட்டு, மூன்று துளைகள். பொருள் தரவைக் கொடுத்துவிட்டு, விரிசல் எந்த வழியாக, எந்தச் சுமையில் போகும் என்று கேட்டார்கள். 13 அணிகள் தங்களுக்குப் பிடித்த முறையில் கணித்தன. விடைகள் நன்றாகவே சிதறின. இதில் என்னைக் கவர்ந்த விஷயம், துளைகள் இருந்த இடத்தில் ஏற்பட்ட சிறு விலகலே உண்மை மாதிரிகளில் விரிசலின் பாதையை மாற்றப் போதுமானதாக இருந்தது. அதாவது கணினியோடு உலோகமும் இரண்டு மனதாக இருந்தது.

2014-ல் இரண்டாவது சவால், டிஐ-6ஏஎல்-4வி டைட்டானியக் கலவையில், மெதுவாகவும் வேகமாகவும் இரண்டு விதமாக இழுத்து. மேலே சொன்ன வெப்ப விவகாரம் வேகமான சோதனையில் முக்கியமாக இருந்தது. மூன்றாவதில் 3டி அச்சில் செய்த 316எல் எஃகு.

இவற்றைப் பார்த்து நான் எடுத்துக்கொள்வது: உச்சச் சுமை ஓரளவு நம்பகமாக வரும், ஏனென்றால் அதைப் பெரும்பாலும் பிளாஸ்டிசிட்டிதான் தீர்மானிக்கிறது. முறிவு தொடங்கும் இடமும் பல சமயம் சரியாக வரும். முழுக்கக் கிழியும் கணம், அதற்குச் செலவான ஆற்றல், கிளைக்கும் பாதை ஆகியவற்றில் ஒரே எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டு, தடிமனையும் துளையின் இடத்தையும் மாறிலிகளையும் கொஞ்சம் அசைத்துப் பல முறை ஓட்டி, வரும் வரம்பைச் சொல்லுங்கள். மனித உயிர் சம்பந்தப்பட்ட கட்டமைப்பு என்றால் இது விருப்பம் இல்லை, கடமை.

குளிரில் எஃகு நொறுங்குவதை இதே மாடல் காட்டுமா?

காட்டாது. 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், அமைதியான நீரில், துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. அது பிளவு முறிவு. படிகத் தளங்கள் நேராகப் பிளப்பது, துளை வளர்ச்சிக்கு அதில் இடமே இல்லை. டக்டைல் மாடலை மட்டும் நம்பினால் அந்தக் கப்பல் பத்திரமாக நிற்கும் என்றுதான் திரை சொல்லும். முதலில் சார்பி சோதனை (வெட்டுள்ள சிறு மாதிரியை ஊசல் சுத்தியலால் அடித்து உடைப்பது) முடிவுகளைப் பார்த்து, வேலை செய்யும் வெப்பநிலையில் எஃகு உண்மையிலேயே டக்டைல் பக்கம் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இடைப்பட்ட பகுதி என்றால் பெரமின் போன்ற நிகழ்தகவு முறைகள் தேவைப்படும்.

வெல்ட் இருக்கும் இடத்தை எப்படி மாடல் செய்வது?

அடிப்படை உலோகம், வெல்ட் உலோகம், இரண்டுக்கும் நடுவே வெப்பத்தால் மாறிய பகுதி என்று மூன்று பொருளாக. நடுப்பகுதி சில மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் அதிவலிமை எஃகிலும் கடினப்படுத்திய அலுமினியத்திலும் பெரும்பாலும் அங்கேதான் கிழிகிறது. குறுக்காகக் கடினத்தன்மை அளந்து, அந்தக் கோட்டை வைத்து வலிமையைப் பங்கிடுவது நல்ல தொடக்கம். முடிந்தால் அந்தப் பகுதியிலிருந்தே சிறு மாதிரிகள் வெட்டி இழுங்கள்.

இலவச மென்பொருளில் இதெல்லாம் முடியுமா?

முடியும். 2022 முதல் திறமூலமாகக் கிடைக்கும் ஓபன்ராடியாஸில் ஜான்சன்–குக் முறிவும் கர்சன் மாடலும் இருக்கின்றன. கோட் ஆஸ்டரும் கால்குலிக்ஸும் பிளாஸ்டிசிட்டி கற்க மிக நல்லவை. கால்குலிக்ஸின் உள்ளீடு அபாகஸ் என்ற வணிக மென்பொருளின் பாணியிலேயே இருக்கும். முதல் பயிற்சியாக, வட்ட வெட்டுள்ள ஓர் உருண்டைக் கம்பியை அச்சுச் சமச்சீர் மாடலாக எடுத்து, கழுத்தின் நடுவிலும் மேற்பரப்பிலும் டிரையாக்ஸியாலிட்டி எப்படி மாறுகிறது என்று வரைந்து பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும்.